வீட்டில் போடும் தயிரையும் பாதாம் பாலையும் விற்கலாமா? குளுவாங்கில் கறந்த பால் வேறு காத்திருக்கிறது

செங்காங்_மருமகள் | ஞாயிறு இரவு 10.52

வணக்கம். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஓடும் வழக்குக்கு இங்கே யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீடு. கணவரின் அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து பதினாறு வருடமாகிறது, இன்றுவரை கடைப் பாலை அத்தை பால் என்று ஒப்புக்கொண்டதில்லை. "ஆடை கட்டாத பாலு என்ன பாலு, சுண்ணாம்புத் தண்ணி" என்பார். ஆனால் அதே சுண்ணாம்புத் தண்ணியில் அவர் போடும் தயிரைக் கத்தியால் வெட்டலாம்.

போன தீபாவளிக்கு மாடியில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பலகாரத்தோடு ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் பாதாம் பால் கொடுத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாக்சிக், மலாய் அம்மா, மறுவாரம் காசைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார். ஒன்பதாம் மாடிப் பஞ்சாபிக் குடும்பம் பன்னீர் கேட்டது. புளோக் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட, இப்போது வாரத்துக்குப் பன்னிரண்டு டப்பா தயிர், பதினைந்து போத்தல் பாதாம் பால், நாலைந்து கட்டி பன்னீர். தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், "வாரம் ஆறு கிலோ பன்னீர் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார்.

இதுவரை சரி. இப்போது மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் எட்டு மாடு வைத்திருக்கும் மாமா ஒருவர் கதைக்குள் வந்திருக்கிறார். அவர் மகன் சனிக்கிழமை தோறும் காரில் சிங்கப்பூர் வருகிறார். கூல் பாக்ஸில் இருபது லிட்டர் கறந்த பால் கொண்டுவந்து தருகிறாராம், கடை விலையில் பாதிக்கு. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கணவருக்கு அம்மா சந்தோஷமாக இருந்தால் போதும்.

நான் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொருள் வருகிறது என்றாலே அதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்று என் கை அரிக்கும். கேட்டால், "உனக்கு எதை எடுத்தாலும் பயம்" என்கிறார்கள்.

சட்டம் என்னதான் சொல்கிறது? வீட்டிலிருந்து பால் பொருள் விற்க உரிமம் வேண்டுமா? குளுவாங் பால் கூடுமா கூடாதா?

——

பூன்லே_தம்பி | ஞாயிறு இரவு 11.20

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டாம். என் புளோக்கில் மட்டும் நாலு பேர் வீட்டிலிருந்து சமைத்து விற்கிறார்கள், ஒருவரையும் யாரும் கேட்டதில்லை. பாலை வாங்குங்கள், நன்றாகக் காய்ச்சுங்கள், விற்றுவிடுங்கள். காய்ச்சினால் எல்லாம் செத்துப்போகும்.

——

பழைய_லேப்_ஆள் | திங்கள் காலை 6.05

தம்பியின் கடைசி வரிக்காகத்தான் மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடி எடுத்து உள்ளே வந்திருக்கிறேன்.

இங்கே ஒரு பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். லாரியில் வந்து இறங்கும் பாலை முதலில் முகர்ந்து பார்ப்பது என் மூக்குதான். இப்போது ஓய்வு. காலையில் நடக்கப் போவேன், பேரனைப் பள்ளியில் விடுவேன், இந்த மாதிரி இடங்களில் சண்டை போடுவேன்.

முதலில் சட்டம். இங்கே பச்சைப் பாலை நேரடியாகக் குடிப்பதற்கென்று விற்கக் கூடாது. வெப்பத்தில் பதப்படுத்திய பால்தான் கடைக்கு வரலாம். அதுவும் வீட்டு அடுப்பில் காய்ச்சினேன் என்று சொன்னால் எடுபடாது. உரிமம் பெற்ற இடத்தில், அளந்த சூட்டில், அளந்த நேரம் வைத்திருக்க வேண்டும். விற்பனைக்கு என்று எந்த உணவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் பதிந்த இறக்குமதியாளராக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை வரும் சரக்குக்கும் தனி அனுமதி எடுக்க வேண்டும். சொந்த உபயோகம் என்று கொண்டுவருவதற்கும் அளவு உண்டு. வாரம் இருபது லிட்டரை யாரும் சொந்த உபயோகம் என்று நம்ப மாட்டார்கள். ஆக, மருமகளே, உன் கை அரித்தது நியாயம்தான்.

அடுத்து, தம்பி சொன்ன "செத்துப்போகும்".

மாட்டின் மடியிலிருந்து வரும்போது பாலின் சூடு ஏறக்குறைய 38 டிகிரி. உங்கள் மாமா மகன் கணக்கையே போட்டுப் பார்ப்போம். விடிகாலை ஐந்துக்குக் கறக்கிறார்கள். ஏழுக்குக் கிளம்புகிறார். குளுவாங்கிலிருந்து உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நூறு கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை எல்லைப் பாலத்தில் நெரிசல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செங்காங் வந்து சேர மதியம் பன்னிரண்டு. "கூல் பாக்ஸ் இருக்கிறதே" என்பீர்கள். ஏற்கெனவே குளிர்ந்து இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் கூல் பாக்ஸ். வெதுவெதுப்பான இருபது லிட்டரைக் குளிர வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஓரத்தில் இருக்கும் பால் குளிரும், நடுவில் இருப்பது மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் கிடக்கும். பண்ணையில் கறந்த உடனே தகட்டுக் குளிர்விப்பான் வழியாக விட்டு 4 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். எட்டு மாடு வைத்திருப்பவரிடம் அது இருக்காது.

இந்த நேரத்தில் என்ன நடக்கும்? கறப்பவர் கையில் ஒரு சின்ன வெட்டுக்காயமோ மாட்டுக்கு மடிவீக்கமோ இருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பாலில் இருக்கும். அது பெருகும்போது ஒரு நச்சைக் கக்கும். வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். நச்சு சாகாது, கொதியைத் தாங்கும். பால் திரிந்திருக்காது, நாற்றமும் இருக்காது. குடித்த மூன்று நாலு மணி நேரத்தில் வாந்தி. இதற்குத்தான் நான் காலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலைச் சூட்டில் பதப்படுத்தும் முறைக்குப் பெயர் தந்த பாஸ்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1860களில் அவர் சூடாக்கிச் சோதித்தது பாலை அல்ல, திராட்சை மதுவை. பாலுக்கு அது பின்னால் வந்தது. மெதுவான முறை என்றால் 62.8 டிகிரியில் அரை மணி நேரம், வேகமான முறை என்றால் 72 டிகிரியில் 15 விநாடி. அது என்ன 62.8 என்று கேட்காத புதுப் பையன் எங்கள் லேபில் கிடையாது. அது 145 ஃபாரன்ஹீட், அவ்வளவுதான். அமெரிக்காவில் முன்பு 143 ஆக இருந்தது. கால்நடைகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல் கிருமி அந்தச் சூட்டில் பிழைத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும் 1956ல் இரண்டு டிகிரி ஏற்றினார்கள்.

ஆலையில் பால் 72க்குக் கீழே இறங்கினால் ஒரு வால்வு தானாகத் திரும்பி அந்தப் பாலைப் பின்னுக்கு அனுப்பிவிடும். எங்களுக்கு ஒரு தடவை அந்த வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்து கசிந்திருக்கிறது. திரையில் 72, 72, 72 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. இரவு வேலையில் நான் பாஸ்படேஸ் சோதனை போடுகிறேன். பச்சைப் பாலில் இயற்கையாக இருக்கும் ஒரு நொதி அது, சரியாகப் பதப்படுத்தினால் முழுக்க அழிந்துவிடும். குழாயில் மஞ்சள் நிறம் வந்தால் எங்கேயோ பச்சைப் பால் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கலந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு வெளிர் மஞ்சள். மறுபடி போட்டேன், மஞ்சள். மேலாளரை எழுப்பினேன். அரைத் தூக்கத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை லிட்டர்?" சொன்னேன். "கொட்டு." விடியும்வரை கொட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பாலை நான் ருசி பார்த்தேன். அருமையான பால்.

தயிர், பன்னீர், பாதாம் பால் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன். பேரன் எழுந்துவிட்டான்.

——

யீஷூன்_ரோஸ்மில்க் | திங்கள் மதியம் 1.30

ஐயா சொன்ன பிறகு பாலைப் பற்றி நான் பேச ஒன்றுமில்லை. நாலு வருடமாக வீட்டிலிருந்து ரோஸ்மில்க், பால்கோவா, கேக் விற்கிறேன். வீட்டு வியாபார விதிகளை மட்டும் எனக்குப் பட்டபடி சொல்கிறேன்.

வீட்டிலிருந்து சிறிய அளவில் சமைத்து நேரே சாப்பிடுபவருக்கு விற்க உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), நகர மறுசீரமைப்பு ஆணையம் இரண்டின் வீட்டு வியாபாரத் திட்டத்துக்குள் இருந்தால் சரி. அதாவது அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் செய்ய வேண்டும், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, பெரிய இயந்திரம் கூடாது, லாரியில் சரக்கு வந்து இறங்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது. உரிமம் வேண்டாம் என்பதால் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டுப்போன உணவை விற்றால் நீங்களும் பெரிய ஓட்டல்காரரும் ஒரே சட்டத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் புகார் கொடுத்தால் போதும், வந்து விசாரிப்பார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 2028க்குள் கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது, அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேக்காக் கடைக்குப் பன்னீர்? அக்கா, அதை இன்றைக்கே மறந்துவிடுங்கள். வீட்டில் செய்ததைக் கடைக்கும் ஓட்டலுக்கும் மொத்தமாகக் கொடுப்பது இந்தத் திட்டத்தில் வராது, அதற்கு உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும். மாட்டினால் உங்களோடு அந்தக் கடைக்காரரும் மாட்டுவார்.

நீங்கள் குடியுரிமையோ நிரந்தரவாசமோ என்றால் கவலையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் யாராவது டிபெண்டன்ட் பாஸில் (இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்குக் கொடுப்பது) இருந்தால், 2021 மே மாதத்திலிருந்து விதி இறுகிவிட்டது. மனிதவள அமைச்சிடம் கேட்காமல் ஒரு டப்பாகூட விற்காதீர்கள். என் தோழி ஒருத்தி இது தெரியாமல் ஆறு மாதம் முறுக்கு விற்றுவிட்டு, தெரிந்த அன்று இரவெல்லாம் தூங்கவில்லை.

உணவுப் பாதுகாப்பு முதல்நிலைப் பயிற்சிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கட்டாயமில்லை, நான் போனேன். போன பிறகுதான் என் குளிர்பெட்டியில் ஒரு வெப்பமானி வாங்கி வைத்தேன். கதவுத் தட்டில் 9 டிகிரி காட்டியது! நாலு வருடப் பெட்டி, நான் அதில்தான் ரோஸ்மில்க் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போத்தலில் பெயர், என்னென்ன சேர்த்தது, எப்போது செய்தது, எப்போதுக்குள் குடிப்பது, உங்கள் தொடர்பு எல்லாம் ஒட்டுங்கள். பால் இருக்கிறது, பாதாம் இருக்கிறது என்று பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை. எதிர்வீட்டு மாக்சிக் படிக்க வேண்டுமே, ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

கடைசியாக என் சொந்த அடி. இரண்டாவது வருடம், ஒருவர் ஆறு போத்தல் ரோஸ்மில்க் கேட்டார். டெலிவரிக்காரர் கொண்டுபோய் வீட்டில் ஆளில்லை என்று வாசற்கதவுக் கம்பியில் பையை மாட்டிவிட்டுப் போட்டோ அனுப்பினார். மதியம் ஒரு மணி. அவர்கள் வேலை முடிந்து வந்தது ஆறரை. பிள்ளை அப்படியே எடுத்துக் குடித்திருக்கிறது. இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து பாலில் செய்ததை டெலிவரிக்குக் கொடுப்பதில்லை. நேரில் வந்து எடுக்க வேண்டும், ஐஸ் பையோடு.

——

பொத்தோங்பாசிர்_பெரியவர் | திங்கள் மாலை 4.10

பழைய லேப் ஆள் எழுதியதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரில் மாடு என்றால் பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் கட்டி வைத்துக் காட்டுவார்களே அதுதான் தெரியும். ஆனால் தெருப் பெயர்களைப் பாருங்கள். பஃபலோ ரோடு. கெர்பாவ் ரோடு, அதுவும் மலாயில் எருமைதான். டெஸ்கர் ரோட்டுப் பக்கம் லெம்பு ரோடு, லெம்பு என்றால் மாடு. பிரசவத்துக்குப் போகும் கேகே மருத்துவமனைப் பெயரில் இருக்கும் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். எருமைத் தொழுவத்தில் பிறந்தவன் என்று என் மகனை இப்போதும் கிண்டல் செய்வேன்.

அப்பா பொத்தோங் பாசிரில் ஒன்பது மாடு வைத்திருந்தார். மூன்று மணிக்கு எழுந்து கறந்து, சைக்கிளில் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அப்போதும் சட்டம் இருந்தது. காக்கிக் கால்சட்டை போட்ட பரிசோதகர் ஒருவர் வளைவில் மரத்தடியில் நிற்பார். சைக்கிளை நிறுத்தி, பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பார். சந்தேகம் என்றால் மூன்று போத்தலில் ஊற்றி அரக்கு வைப்பார். ஒன்று அப்பாவிடம், ஒன்று சோதனைக்கு, ஒன்று அவரிடம். அப்பாவிடம் கொடுத்த போத்தல் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் தீர்ப்பு வரும்வரை இருக்கும். கெட்டு, திரிந்து, பச்சையாகி... அம்மா தொடக்கூட விடமாட்டார்.

தண்ணீர் கலந்தாரா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை அபராதம் கட்டினார். குழாயடியில் டின்னைக் கழுவியபோது தங்கிய தண்ணீர் என்றார்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லோரும் பச்சையாகக் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் பேசுவார்கள். பொய். மாடு வைத்திருந்த எங்கள் வீட்டிலேயே பச்சைப் பாலை யாரும் வாயில் வைத்ததில்லை. மூன்று பொங்கு பொங்கிய பிறகுதான் அம்மா இறக்குவார். எந்த வாடிக்கை வீட்டிலும் அப்படித்தான். வாசலில் பால் வந்து அரை மணிக்குள் அடுப்பில் இருக்கும்.

——

பழைய_லேப்_ஆள் | திங்கள் இரவு 8.45

பெரியவரே, வணக்கம். அந்தக் கண்ணாடிக் குழல்தான் பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர். ஏமாற்றுவது எளிது, தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் அதற்குத் தெரியாது. எங்கள் காலத்தில் பாலை உறைய வைத்துப் பார்ப்போம். சுத்தமான பால் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போய்த்தான் உறையும். தண்ணீர் சேரச் சேரப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். குழாயடித் தண்ணீர் என்றாலும் விடாது! இப்போதைய விதியில் பாலில் கொழுப்பு 3.25 விழுக்காட்டுக்கும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது.

"அரை மணிக்குள் அடுப்பில்" என்றீர்களே, அதுதான் முழு விஷயமும். உங்கள் அப்பா பாலுக்கும் குளுவாங் பாலுக்கும் நடுவே இருப்பது மணிக்கணக்கான தாமதம்.

மருமகளே, இப்போது உன் மூன்று சரக்கு. எல்லாம் கடையில் வாங்கிய பதப்படுத்திய பாலில் செய்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

மூன்றிலும் எனக்குப் பயம் குறைவானது தயிர். நன்றாக உறைந்த தயிரின் புளிப்பில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பலவற்றுக்கு வளரக் கஷ்டம். சுத்தமான கரண்டி, வெந்நீர் ஊற்றிய பாத்திரம், உறைந்ததும் குளிர்பெட்டி. உறைமோரை மட்டும் மாதக்கணக்கில் அதையே சுற்ற விடாமல் அவ்வப்போது புதிதாக மாற்றுங்கள்.

பன்னீர் பார்க்கத்தான் கெட்டி, உள்ளே பாதிக்கு மேல் ஈரம், புளிப்பும் போதாது. சூட்டில் திரிக்கும்போது சுத்தமாகத்தான் இருக்கும். துணியில் கட்டித் தொங்கவிட்டு, பலகையில் அழுத்தி, கையால் வெட்டும்போதுதான் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். லிஸ்டீரியா என்று ஒரு கிருமி, குளிர்பெட்டியிலும் மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. துணியை ஒவ்வொரு முறையும் கொதிக்க வையுங்கள், இரண்டு நாளைக்கு மேல் விற்காதீர்கள். முடிந்தால் விற்கவே வேண்டாம்.

பாதாம் பாலைத்தான் நான் விடமாட்டேன். புளிப்பே கிடையாது, சர்க்கரை, அரைத்த பருப்பு, பால். கிருமிக்கு இதைவிடக் கல்யாண விருந்து எங்கே கிடைக்கும்? பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை கொதியில் சாகாது. அண்டாவை மூடி அடுப்படியில் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டால் நிதானமாக முளைத்துப் பெருகும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வேலை. அகலமான பாத்திரத்தில் ஊற்று, சிங்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதில் வை, கிண்டிக்கொண்டே இரு. ஆறியதும் போத்தல், போத்தலில் அடைத்ததும் 4 டிகிரி. வாங்குபவருக்கு மறுநாள்வரை என்று எழுது. உன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரே சமயத்தில் பதினைந்து போத்தல் வைத்தால் அது திணறும், யீஷூன் அம்மா சொன்ன வெப்பமானியை முதலில் வாங்கு.

இனி உன் அத்தைக்கு. கடைப் பாலில் ஆடை கட்டாததற்குக் காரணம் பதப்படுத்தியது அல்ல. பாலைச் சின்னத் துளை வழியாக அழுத்தத்தில் செலுத்திக் கொழுப்பு உருண்டைகளை உடைத்துவிடுகிறார்கள். ஹோமோஜனைஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும். உடைந்த கொழுப்பு மேலே வந்து சேராது, ஏடும் திரளாது. அது இல்லாமல் பதப்படுத்தியது மட்டும் என்று போட்ட பால் கிடைத்தால் வாங்கிக் கொடு, ஏடு கட்டும். தயிர் இன்னும் இறுக வேண்டுமா? பொங்கியதும் இறக்காமல், தணலைக் குறைத்து 85க்கும் 90க்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திரு. பாலில் தண்ணீரோடு போகும் புரதம் விரிந்து தயிரோடு பின்னிக்கொள்ளும். அப்புறம் 43 டிகிரிக்கு ஆற்றி உறை ஊற்று. இரவு போட்டால் விடிகாலை எழுந்து குளிர்பெட்டியில் வை, நம் ஊர்ச் சூட்டில் ஆறு மணி நேரத்துக்கு மேல் விட்டால் புளித்துப்போகும்.

——

தேபான்_கார்டன்ஸ் | திங்கள் இரவு 9.30

ஐயா, ஒரு சந்தேகம், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. தைப்பூசத்துக்குப் பெருமாள் கோவிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோவில் வரை பால்குடம் எடுக்கிறோம். வரிசையில் மணிக்கணக்காக நின்று, வெயிலில் நடந்து, அபிஷேகம் ஆன பாலை வாங்கி வந்து குடும்பமே குடிக்கிறோமே?

——

பழைய_லேப்_ஆள் | திங்கள் இரவு 9.41

நானும் எடுக்கிறேன், இருபது வருடமாக. சாமிக்கு முழுக்குடம். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு செடிக்கு ஊற்றிவிடுவேன். பேரனுக்கு விபூதி போதும்.

——

செங்காங்_மருமகள் | அடுத்த ஞாயிறு மாலை 6.15

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், வீட்டில் சோதனைச்சாலை நடந்துகொண்டிருந்தது.

வெப்பமானி இரண்டு வாங்கினேன், ஒன்று குளிர்பெட்டிக்கு, ஒன்று பாத்திரத்துக்கு. எங்கள் பெட்டியில் கதவுப் பக்கம் 8, உள்ளே பின்தட்டில் 3. இத்தனை வருடம் பாலை நாங்கள் வைத்திருந்தது கதவில்தான்.

அத்தையிடம் சட்டம் பேசிப் பயனில்லை என்று தெரியும். அதனால் பொத்தோங் பாசிர் பெரியவர் எழுதியதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மாடு வச்சிருந்தவங்க வீட்டுலயே பச்சைப் பாலைக் குடிக்கல" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்களும்தான் குடிச்சதில்ல, யாரு குடிச்சா?" என்றார். அங்கே பாதி வழக்கு முடிந்தது.

மீதிப் பாதி தயிரில் முடிந்தது. இரண்டு பாத்திரம் போட்டோம். ஒன்று அவர் வழக்கம்போல், ஒன்று ஐயா சொன்ன கணக்கில். நான் கடிகாரமும் வெப்பமானியுமாக அடுப்படியில் நின்றதைப் பார்த்து, "பிரசவம் பாக்குற மாதிரி நிக்கிறியே" என்று சிரித்தார். காலையில் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். ஐயா பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "ம்" என்றார். பதினாறு வருடத்தில் கடைப் பாலுக்கு அவர் கொடுத்த முதல் "ம்".

முடிவு இதுதான். தயிர் மட்டும் விற்கிறோம், வாரம் பன்னிரண்டு டப்பாவுக்கு மேல் இல்லை. பாதாம் பால் முன்கூட்டிச் சொன்னால், ஐஸ் தண்ணீரில் கிண்டும் வேலைக்குக் கணவர் வீட்டில் இருந்தால். பன்னீர் நிறுத்தியாகிவிட்டது. ஒன்பதாம் மாடிப் பாட்டி வருத்தப்பட்டார், அவருக்கு அத்தை செய்முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தேக்காக் கடைக்காரரிடம் கணவரே பேசிவிட்டார்.

குளுவாங் மாமாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லும் வேலையை மட்டும் எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். "நீதானே சட்டம் பேசுனே."

——

பூன்லே_தம்பி | ஞாயிறு மாலை 6.40

சரி அக்கா, நான் சொன்னது தப்புத்தான். அந்தத் தயிர் பூன் லேவுக்கு டெலிவரி உண்டா?

——

செங்காங்_மருமகள் | ஞாயிறு மாலை 6.43

இல்லை. ஐஸ் பையோடு நேரில் வாருங்கள்.